பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியும் அயல்நாட்டுச் சேகரிப்போர் சங்கமும்

கேள்வி: வால்பாறையில் தேயிலைத் தோட்ட அலுவலராக இருந்த என் தந்தையார் வைத்திருந்த 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி, அவர் காலமான பின் 1994 முதல் என் பெயரில் உரிமத்துடன் இருக்கிறது. குழல்களுக்கு நடுவே உள்ள பட்டையில் கல்கத்தா ராடா கம்பெனியின் பெயர் பொறித்திருக்கிறது. குழல்களைக் கழற்றிப் பார்த்தால் அடிப்புறத்தில் கிரீட முத்திரைகளும், ‘நைட்ரோ ப்ரூஃப் 1⅛’, ‘2½’ என்ற குறிகளும் தெரிகின்றன. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பார்க்கர் துப்பாக்கி சேகரிப்போர் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் பழக்கமானார். ஆண்டுச் சந்தா கட்டி நானும் அப்படி ஒரு சங்கத்தில் சேர வேண்டும் என்கிறார். சென்னையில் இருக்கும் எனக்கு அதனால் என்ன பயன்? உறுப்பினர் அட்டை உரிமத்தைப் புதுப்பிக்கும்போது உதவுமா? துப்பாக்கிக்கு அவர்கள் மூலம் நல்ல விலை கிடைக்குமா? இன்னொன்று: தெரிந்தவர் ஒருவர் தம் பாட்டனார் காலத்துத் துப்பாக்கியைக் காகிதம் ஏதும் இல்லாமல், ‘சேகரிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்’ என்று தர முன்வருகிறார். வாங்கலாமா?

– ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, வயது 66, மந்தைவெளி

பதில் (ஆயுத உரிம வழக்குகளை நடத்தும் சென்னை வழக்கறிஞர்):

அன்புள்ள ஐயா,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றவற்றைப் பொறுமையாகப் பேசலாம், இது பொறுக்காது. காகிதம் இல்லாத அந்தத் துப்பாக்கியை வாங்காதீர்கள். சும்மா கொடுத்தாலும் வேண்டாம்; ‘இரண்டு நாள் வைத்துப் பாருங்கள்’ என்று சொன்னாலும் வீட்டுக்குள் கொண்டுவரச் சம்மதிக்காதீர்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, உரிமமின்றித் துப்பாக்கியைப் பெறுவதையும் வைத்திருப்பதையும் ஒருசேரத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இந்தக் குற்றத்துக்குக் குறைந்த அளவுத் தண்டனையே இரண்டு ஆண்டுச் சிறை. அது ஐந்து ஆண்டு வரை போகலாம். சேகரிப்புக்காக வைத்திருந்தேன், தோட்டா ஒன்றுகூட வாங்கவில்லை என்பதெல்லாம் தண்டனையின் அளவைப் பற்றிய வாதத்தில் கொஞ்சம் உதவலாமே தவிர, குற்றம் நடக்கவில்லை என்று காட்ட உதவாது.

அந்த நண்பருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பாட்டனாரின் பெட்டியிலோ பரணிலோ கிடைத்த துப்பாக்கியை இன்னொருவர் தலையில் கட்டுவது அவருக்கும் வழியல்ல. சட்டத்தின் 21ஆம் பிரிவு, கைவசம் வைத்திருக்கும் உரிமை இல்லாமல் போன ஆயுதத்தை அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியிடமோ, உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. ஒரு வழக்கறிஞர் மூலம், அது எங்கே எப்படிக் கிடைத்தது என்பதை எழுத்தில் தெரிவித்து ஒப்படைத்து, ரசீது பெற்றுக்கொண்டு, அதன் பிறகு வாரிசு என்ற முறையில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். பழைய உரிமப் புத்தகம் எங்கேனும் கிடைக்கிறதா என்று வீட்டில் தேடச் சொல்லுங்கள். முனை கிழிந்த, மையழிந்த புத்தகமாக இருந்தாலும் பரவாயில்லை. அதிலுள்ள எண் ஒன்று போதும், அலுவலகப் பதிவேட்டைத் தேட.

‘பழைய துப்பாக்கிக்கு இப்போது உரிமமே தேவையில்லை என்று சொல்கிறார்களே’ என்று அவர் கேட்கக்கூடும். அதில் பாதி உண்மை உண்டு. 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் ஆயுத விதிகளைத் திருத்தியபோது, பழம்பொருள் வகையைச் சேர்ந்த சிறு ஆயுதங்களை இந்தியக் குடிமக்கள் வைத்திருக்க உரிமம் தேவையில்லை என்று அறிவித்தது. ஆனால் அவற்றைப் பயன்படுத்தவோ, வெளியே கொண்டுசெல்லவோ உரிமம் வேண்டும். உரிமத்தில் பதியப்படாத வரையில் அவற்றுக்குத் தோட்டா விற்கக்கூடாது. அதற்கு முன்பிருந்தே சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழுது பார்த்தாலும்கூடச் சுட முடியாத நிலையிலுள்ள பழமையான ஆயுதங்களுக்கு விலக்கு அளித்து வந்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட துப்பாக்கி இந்த வகைகளுக்குள் அடங்குமா என்பதை வைத்திருப்பவரே தமக்குத் தாமே தீர்ப்பளித்துக்கொள்ள முடியாது. அது எந்த ஆண்டில் செய்யப்பட்டது, எந்த நிலையில் இருக்கிறது என்பதற்குச் சான்று காட்டி, உரிமம் வழங்கும் அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டிய பதில் அது.

அந்தச் சான்று எங்கிருந்து வரும் என்ற இடத்தில்தான் உங்கள் முதல் கேள்வியான சேகரிப்போர் சங்கம் வருகிறது.

முதலில் அது தராததைச் சொல்லிவிடுகிறேன். உறுப்பினர் அட்டைக்கு வேப்பேரி ஆணையர் அலுவலகத்தில் எந்த மதிப்பும் கிடையாது. உங்களிடம் இருப்பது உரிமப் புத்தகங்களில் டி.பி.பி.எல். என்று எழுதப்படும் இரட்டைக்குழல், பின்புறம் தோட்டா போடும் வகை. குழலின் நீளம் 20 அங்குலத்துக்குக் குறையாத இத்தகைய வழவழப்பான உட்குழல் துப்பாக்கிக்குத் தற்காப்பு அல்லது விளையாட்டு என்ற காரணத்தின் பேரில் உரிமம் வழங்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இடமளிக்கிறது. சேகரிப்பு என்ற ஆசை அந்த வாசகத்தில் இல்லை. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை 2019 டிசம்பரில் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. வாரிசு முறையில் வருபவையும் இந்த எண்ணிக்கைக்குள் அடங்க வேண்டும் என்று அதே திருத்தம் சொல்கிறது. மத்திய அரசின் உரிமமோ அங்கீகாரமோ பெற்ற ரைஃபிள் சங்கங்களின் உறுப்பினர்களுக்கு இந்த வரம்பிலிருந்து ஒரு விலக்கு உண்டென்றாலும், அது .22 ரைஃபிளுக்கும் ஏர் ரைஃபிளுக்கும் குறி பயிலும் நோக்கத்துக்கும் மட்டுமே உரியது. அமெரிக்கச் சங்கத்தின் அட்டையைப் புதுப்பித்தல் விண்ணப்பத்தோடு இணைத்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை, யாரும் படிக்கப்போவதுமில்லை.

ஆகவே சங்கத்தில் சேர்வதால் கிடைப்பது அறிவு ஒன்றுதான். ஆனால் உங்கள் கையில் இருக்கும் பொருளைப் பொறுத்தவரை அந்த அறிவு இங்கே எளிதில் கிடைக்காது என்பதால், சேருங்கள் என்றே நான் சொல்வேன். எந்தச் சங்கம் என்பதில்தான் உங்கள் அமெரிக்க நண்பரோடு நான் வேறுபடுகிறேன்.

பார்க்கர் சகோதரர்களின் தொழிற்சாலை உங்கள் மகள் இருக்கும் அதே கனெக்டிகட்டில், மெரிடன் நகரில் இருந்தது. 1934இல் ரெமிங்டன் நிறுவனம் அதை வாங்கியது. தொழிற்சாலையின் ஆர்டர் புத்தகங்களும் இருப்புப் புத்தகங்களும் கணிசமான அளவுக்குத் தப்பிப் பிழைத்திருப்பதால், வரிசை எண்ணைக் கொடுத்தால் அந்தத் துப்பாக்கி எப்போது, எந்தத் தரத்தில், என்ன குழல் நீளத்தில் செய்யப்பட்டது என்று தேடிக் கடிதமாகத் தருவது அந்தச் சங்கத்தின் பெரிய சேவை. எல்.சி. ஸ்மித் துப்பாக்கிகளுக்கும் இப்படி ஒரு சங்கம் இருக்கிறது. அவற்றின் உற்பத்திப் பதிவேடுகள் வயோமிங் மாநிலம் கோடி நகரிலுள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. (அந்த எல்.சி. ஸ்மித் துப்பாக்கித் தொழிலை விற்றுவிட்டுத் தட்டச்சுப் பொறிக்குப் போனவர். உங்கள் வங்கியில் ஸ்மித் கொரோனா இயந்திரம் இருந்திருந்தால் அது அவர் வழி வந்ததுதான்.) இவையெல்லாம் அந்தந்தத் துப்பாக்கி வைத்திருப்போருக்குப் பொன்னான உதவி. உங்களுடையது பார்க்கரும் அல்ல, ஸ்மித்தும் அல்ல. நீங்கள் அனுப்பியிருக்கும் குறிகளின்படி அது இங்கிலாந்துத் துப்பாக்கி. பார்க்கர் சங்கத்துக்குச் சந்தா கட்டினால் நல்ல இதழ் வரும், நல்ல நண்பர்கள் கிடைப்பார்கள், உங்கள் துப்பாக்கியைப் பற்றிய கடிதம் மட்டும் வராது. பிரிட்டிஷ் இரட்டைக்குழல்களில் பழக்கமுள்ளவர்கள் கூடும் சங்கமாகப் பார்த்துச் சேருங்கள்.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், ராடா கம்பெனி கல்கத்தாவில் பேர்போன துப்பாக்கி வணிக நிறுவனம். 1914 ஆகஸ்ட் 26 அன்று அதற்கு வந்த சரக்கிலிருந்து 50 மவுசர் பிஸ்டல்களை வங்கப் புரட்சியாளர்கள் கொண்டுபோனதால் அதன் பெயர் விடுதலைப் போராட்ட வரலாற்றிலும் இடம்பெற்றுவிட்டது. இந்தியாவில் விற்ற இத்தகைய நிறுவனங்கள், பர்மிங்ஹாம் பட்டறைகளில் செய்வித்த துப்பாக்கிகளில் தங்கள் பெயரைப் பொறித்து விற்பது அந்தக் கால வழக்கம். பட்டுப் புடவையின் முகப்பில் நெய்திருக்கும் கடைப் பெயர் நெசவாளி யாரென்று சொல்லாததைப் போல, நடுப்பட்டையில் உள்ள பெயரும் செய்தவர் யாரென்று சொல்லாது. செய்தவரைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் முன்கட்டையைக் கழற்றி, அதன் இரும்பிலும் குழல்களின் அடித்தட்டிலும் பட்டறைக்காரர்கள் அடித்துவைத்த ஓரெழுத்து, ஈரெழுத்து முத்திரைகளைப் பார்க்க வேண்டும். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே குறைவு. இருக்கும் சிலரும் பெரும்பாலும் இத்தகைய சங்கங்களின் பழைய உறுப்பினர்கள். அவர்களை எட்டுவதற்கான வழி என்பதே சந்தாவுக்கு நான் சொல்லும் முதல் நியாயம்.

கிரீட முத்திரைகள் அப்படியல்ல. அவற்றுக்கு அச்சிட்ட விதிகள் உண்டு, நீங்களே கற்றுக்கொள்ளலாம். இங்கிலாந்தில் ஒவ்வொரு குழலும் விற்பனைக்கு முன் லண்டனிலோ பர்மிங்ஹாமிலோ உள்ள சோதனை நிலையத்தில் அளவுக்கு மிஞ்சிய மருந்து வைத்து வெடித்துப் பார்க்கப்பட்டு, தேறினால் முத்திரை பெற வேண்டும். பர்மிங்ஹாம் நிலையம் 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. முத்திரைகளின் வடிவமும் வாசகமும் குறிப்பிட்ட ஆண்டுகளில் மாறிவந்திருப்பதால் அவையே துப்பாக்கியின் ஜாதகம். ‘நைட்ரோ ப்ரூஃப்’ (புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்தது) என்ற சொற்களோடு அதிகபட்ச ஈய எடையையும் தோட்டா அறையின் நீளத்தையும் சேர்த்து அடிக்கும் முறை 1925ஆம் ஆண்டு விதிகளோடு வந்தது. 1954ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு அந்த இடத்தில் சதுர அங்குலத்துக்கு இத்தனை டன் என்ற அழுத்தக் குறி வந்தது. எனவே, பின்னாளில் மறுசோதனைக்குப் போன குழல்களாக இல்லாவிட்டால், உங்கள் துப்பாக்கி 1925க்கும் 1954க்கும் இடையில் முத்திரை பெற்றது. பல பர்மிங்ஹாம் துப்பாக்கிகளில் 1921 முதல் ஆண்டைச் சுட்டும் தனி எழுத்து ஒன்றையும் அடித்திருப்பார்கள். லென்ஸ் வைத்துத் தேடுங்கள், கிடைத்தால் ஆண்டே தெரிந்துவிடும். சட்ட நோக்கில் இதன் பொருள், உங்களுடையதைப் பழம்பொருள் என்று சொல்லி உரிமத்தை விட்டுவிட நினைக்கவே கூடாது என்பது. இன்றும் கடையில் கிடைக்கும் தோட்டாவைச் சுடக்கூடிய துப்பாக்கி அது.

தோட்டா என்றதும் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று, சங்கங்களின் இதழ்கள் திரும்பத் திரும்ப எச்சரிக்கும் ஒன்று. உங்கள் குழலில் இருக்கும் ‘2½’ என்பது தோட்டா அறையின் நீளம். அங்குலக் கணக்கில் இரண்டரை, மில்லிமீட்டரில் ஏறத்தாழ 65. இன்று பரவலாக விற்கும் 12 போர் தோட்டாக்களில் 70 மில்லிமீட்டர் வகை அதிகம். அது உங்கள் துப்பாக்கியில் தடையில்லாமல் நுழையும், குழலும் சரியாக மூடும், ஆபத்தே அதுதான். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 70 என்பது சுட்ட பின் வாய் விரிந்த நிலையிலுள்ள நீளம். சுடுவதற்கு முன் மடிப்பு வாயோடு அது குட்டையாகத்தான் இருக்கும். சுட்டதும் விரியும் அட்டையோ பிளாஸ்டிக்கோ அறையைத் தாண்டிக் குறுகும் இடத்தில் போய் அடைத்துக்கொள்ள, அழுத்தம் அந்தக் குழலுக்குச் சோதித்த அளவைத் தாண்டலாம். ஒரு தடவையில் வெடித்துவிடும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் எழுபது எண்பது ஆண்டுப் பழைய இரும்பிடம் அப்படி ஒரு பரீட்சை வைக்க வேண்டியதில்லை. ‘1⅛’ என்பது அவுன்ஸ் கணக்கில் ஈயத்தின் அதிகபட்ச எடை, ஏறத்தாழ 32 கிராம். இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி உரிமப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, கடையில் பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் ‘எல்லாம் 12 போர்தான் சார்’ என்பார். போர் என்பது குழலின் விட்டம்தான். ஒரு பவுண்டு ஈயத்தில் 12 உருண்டை செய்தால் ஓர் உருண்டையின் விட்டம் எதுவோ அது, அதாவது 0.729 அங்குலம். நீளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சுடும் எண்ணம் இருந்தால் முதலில் உட்குழலின் விட்டத்தையும் சுவரின் கனத்தையும் அளக்கச் செய்யுங்கள். துருப்பிடித்த உட்குழலைப் பளபளப்பாக்க யாரோ ஒரு காலத்தில் தேய்த்திருந்தால் விட்டம் கூடி, முத்திரையே பொருளற்றதாகிவிடும். வெளியே கண்ணாடி போல மின்னும் குழல் உள்ளே தாளாக இருக்கலாம். இதற்கான கருவி எல்லாரிடமும் இருப்பதில்லை. எங்கே அளக்கலாம், எந்த அளவுக்குக் கீழே போனால் சுவரில் மாட்டிவிட வேண்டும் என்று அனுபவத்தில் சொல்லக்கூடியவர்கள் மறுபடியும் அந்தச் சங்கத்து ஆட்கள்தான்.

வாங்குவோருக்குச் சங்கம் செய்யும் உதவி இன்னும் பெரிது. நீங்கள் வாங்கப்போவதில்லை என்றாலும், இரண்டாவது துப்பாக்கியின் மேல் கண் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் செய்த மலிவான துப்பாக்கிகளில் பேர்பெற்ற ஆங்கிலேயப் பட்டறைகளின் பெயரைக் கிட்டத்தட்ட ஒத்த பெயர்களைப் பொறித்து விற்றதுண்டு. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்று நம்பி வாங்கியது வெறும் ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ ஆக இருக்கும். முட்டை வடிவ வளையத்துக்குள் இ.எல்.ஜி. என்ற எழுத்துகள் இருந்தால் அது லியேஜ் சோதனை முத்திரை, பட்டையில் எந்தப் பெயர் இருந்தாலும் சரி. பழைய குழலின் அடிப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு புதுக்குழல் பொருத்தியவை, வேறு துப்பாக்கியின் முன்கட்டையை மாட்டியவை, குழல் முனையை வெட்டியவை எல்லாம் சந்தையில் உலவுகின்றன. குழலைக் குறைப்பதற்கு நம் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி தனி உரிமம் வேண்டும் என்பதால் வெட்டிய துப்பாக்கி இங்கே அழகுக்குறையாக மட்டும் நின்றுவிடாது, வழக்காகவும் மாறலாம். இத்தகைய நூறு துப்பாக்கிகளைக் கையில் எடுத்துப் பார்த்தவர் பத்து நிமிடத்தில் கண்டுபிடிப்பதைப் புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. படங்களைப் பார்த்து உறுப்பினர்கள் சொல்லும் கருத்து அதில் பாதிக்காவது ஈடாகும்.

விலை விஷயத்தில் அவர்களை நம்ப வேண்டாம். நேர்மைக்குறைவால் அல்ல, சந்தையே வேறு என்பதால். பெயரில்லாத சாதாரண பர்மிங்ஹாம் இரட்டைக்குழல் இங்கிலாந்து ஏலங்களில் சில நூறு பவுண்டுகளுக்கே போய்விடுகிறது. இங்கே தனிநபர் இறக்குமதி பல பத்தாண்டுகளாக அடைபட்டுக் கிடப்பதால் வெளிநாட்டுத் துப்பாக்கிக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் வாங்கத் தகுதியுள்ளவர் உரிமத்தில் இடம் வைத்திருப்பவராக இருக்க வேண்டும், இரண்டு என்ற வரம்பு வந்த பிறகு அப்படிப்பட்டவர்களும் குறைந்துவிட்டார்கள். ‘எனக்கு அனுப்பிவிடுங்கள், டாலரில் தருகிறேன்’ என்று அங்கிருந்து யாராவது ஆசை காட்டினால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். துப்பாக்கி ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். நூறாண்டு கடந்த பழம்பொருள் என்று கருதத்தக்கதானால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் குறுக்கே நிற்கும். அச்சட்டத்தின்படி தனிநபர் ஏற்றுமதியே செய்ய முடியாது.

இதே போல இன்னொரு அன்புத் தொல்லையும் வரும். சங்கத்து நண்பர்கள் தாராளமானவர்கள். உடைந்த விசை வில்லுக்குப் பதில் ஒன்றைத் தபாலில் அனுப்புகிறேன் என்பார்கள். வீட்டிலேயே தோட்டா நிரப்பக் கற்றுத்தருகிறேன் என்பார்கள். அங்கே அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. இங்கே துப்பாக்கியின் உதிரி பாகமும் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அடங்கும். மீனம்பாக்கத்துச் சுங்கத்தில் அந்தப் பொட்டலம் பிரிக்கப்பட்டால் உங்கள் உரிமத்துக்கே கேடு. பழுதை உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை மூலம், ரசீதோடு செய்துகொள்ளுங்கள். மருந்து நிரப்பும் பேச்சு வேண்டவே வேண்டாம்.

பராமரிப்பு பற்றி அந்த இதழ்களில் வருவதைக் கொஞ்சம் திருத்தி எடுத்துக்கொள்ள வேண்டும். கனெக்டிகட்டின் குளிர் நம்முடையதல்ல. சென்னையின் உப்புக்காற்றில் தோல் உறைக்குள் துப்பாக்கியை வைத்து மூடினால், தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரும்புக்குக் கொடுக்கும். உறையைத் தனியாக வையுங்கள். நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் உண்டு. அது நாளடைவில் கெட்டு அமிலம் ஏறிப் பிசுபிசுக்கும். தையல் இயந்திர எண்ணெயை மெல்லத் துணியில் தொட்டுத் துடைத்தாலே போதும். எண்ணெய் அதிகமானால் அது வழிந்து, நிமிர்த்தி வைத்த துப்பாக்கியின் பின்கட்டை தொடங்கும் இடத்தில் மரத்துக்குள் இறங்கி, வால்நட் மரத்தைக் கறுத்துச் சொதசொதப்பாக்கிவிடும். இரும்பை இறுகப் பிடிக்க வேண்டிய மரம் பிடியை விட்டால் ஒரு நாள் விரிசல் விழும். பழைய துப்பாக்கிகளை வாய் கீழே பார்க்கும்படி நிறுத்தி வைப்பதன் காரணம் இதுதான். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் சிலிக்கா ஜெல் பைகளை அடிக்கடி மாற்றுங்கள். தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்திலோ கடையிலோ ஒப்படைக்கும்போது லேசாக எண்ணெய் தடவி, பருத்தித் துணியில் சுற்றிக் கொடுங்கள். வாங்கும்போது வரிசை எண்ணை ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சென்னையிலேயே இப்படி ஒரு சங்கம் இல்லையா என்று கேட்பீர்கள். சென்னை ரைஃபிள் கிளப் போன்ற அமைப்புகள் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கானவை. அவற்றில் சேர்வதற்கு வேறு பயன்கள் உண்டு, பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி அவற்றில் முதலாவது. பறக்கும் களிமண் தட்டைச் சுடும் ஷாட்கன் விளையாட்டுக்குத் தமிழகத்தில் புதுக்கோட்டைதான் முகவரி. பாரிஸ் ஒலிம்பிக்கில் பங்கேற்ற பிருத்விராஜ் தொண்டைமான் அந்த ஊர்க்காரர். பழைய ஆயுதங்களைப் பார்த்துப் பழக வேண்டுமானால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்துக்கு ஒரு காலை நேரம் போய்வாருங்கள். தஞ்சை அரண்மனையிலிருந்தும் புனித ஜார்ஜ் கோட்டை ஆயுதக் கிடங்கிலிருந்தும் வந்தவை அங்கே இருக்கின்றன. இரட்டைக்குழல் ஷாட்கன்களைப் பற்றி மட்டும் பேசுவதற்குத் துணை தேவையென்றால் அயல்நாட்டுச் சங்கம்தான்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத, ஆனால் எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம் வாரிசு. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, உரிமதாரர் 70 வயதை எட்டியதும், அல்லது அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலும், இவற்றில் எது முந்துகிறதோ அப்போதே, தாம் நியமிக்கும் சட்டப்பூர்வ வாரிசுக்கு உரிமம் கேட்கலாம். 1994 முதல் வைத்திருக்கும் உங்களுக்கு அந்தத் தகுதி எப்போதோ வந்துவிட்டது. அமெரிக்காவில் குடியேறிய மகளை விட இங்கே வசிக்கும் பிள்ளையோ பேரனோ இருந்தால் அவர் பெயரில் விண்ணப்பிப்பது எளிது. அவர் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் பெற வேண்டியிருக்கும். இதைச் செய்யாமல் விட்டால், உங்களுக்குப் பின் குடும்பத்தார் செய்ய வேண்டிய முதல் வேலை துப்பாக்கியை ஒப்படைக்க ஓடுவதாகத்தான் இருக்கும். சங்கத்திலிருந்து வரும் அடையாளக் கடிதம், முத்திரைகளின் படங்கள், பராமரிப்புக் குறிப்புகள் எல்லாவற்றையும் உரிமப் புத்தகத்தோடு ஒரே கோப்பில் வைத்தால், அடுத்து வைத்திருப்பவருக்கு அது வெறும் இரும்பாகப் போய்ச் சேராது. சந்தாவுக்கு நான் சொல்லும் இரண்டாவது நியாயம் இது.

சேர்வதற்கு முன் அந்தச் சங்கத்திடம் பழைய இதழ் ஒன்றின் மாதிரியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இந்தியாவில் விற்கப்பட்ட பர்மிங்ஹாம் துப்பாக்கிகளைப் பற்றி அவர்களுக்கு ஏதாவது தெரிகிறதா என்று ஒரு கேள்வியும் எழுதிப் பாருங்கள். பதில் வரும் வேகமே பாதி விடை. சேர்ந்த பின் அனுப்ப வேண்டிய படங்களை ஜன்னலோர வெளிச்சத்தில், குழலைக் கழற்றி, வெள்ளைத் துணியின் மேல் அடிக்கோலோடு எடுங்கள்: அடித்தட்டு, அது வந்து படியும் இரும்புத் தளம், முன்கட்டையின் உட்புறம், நடுப்பட்டையின் எழுத்து. மொட்டை மாடி வேண்டாம்; எதிர்வீட்டுக்காரர் 100க்குப் போன் செய்தால் நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். வரிசை எண்ணை அடையாளம் காண உதவும் ஓரிரு உறுப்பினருக்குத் தனிக் கடிதத்தில் மட்டும் கொடுங்கள். வீட்டு முகவரியையும், துப்பாக்கி எந்த அறையில் இருக்கிறது என்பதையும் எந்த உறுப்பினருக்கும் தெரிவிக்க வேண்டாம். இதழ் வருவதற்கு மகள் முகவரியைக் கொடுத்தால் போதும்.